‘தையல் விட்டுப்போச்சுன்னு வீடியோ போட்டுட்டாங்க… தொழிலை நிறுத்திடட்டுமா?’

மும்பை தாராவியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். வணிகவியல் பிரிவு, வயது 17, வரும் ஏப்ரலில் 18 முடிகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்காக வந்த குடும்பம். அப்பா ஒரு வியாபாரியிடம் தோல் வாங்கி, கூலிக்குப் பை தைத்துக் கொடுக்கிறார். பட்டறையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை வைத்து இவர் ஒரு வருடமாகக் கையால் கார்டு ஹோல்டர் தைத்து, இன்ஸ்டாகிராமில் 350 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். இதுவரை 70 போயிருக்கிறது. பணம் அம்மாவின் ஜிபே எண்ணுக்கு வருகிறது.

இரண்டு மாதம் முன்பு வாங்கிய ஒரு பெண், மூன்றே வாரத்தில் தையல் விட்டுவிட்டது, மெரூன் சாயம் தன் வெள்ளைக் கைப்பையில் ஒட்டிவிட்டது என்று வீடியோ போட்டார். இவர் பயந்துபோய் அந்தப் பெண்ணின் பின்னூட்டங்களை அழித்து, அவரை பிளாக் செய்துவிட்டார். உடனே இரண்டாவது வீடியோ வந்தது. அதற்குக் கீழே ‘இது ரெக்ஸின்’, ‘தாராவி டூப்ளிகேட்’ என்று பலர் எழுத, இரண்டு பேர் சாதியை இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். அப்பா, ‘பரீட்சை முடியுற வரைக்கும் இதைத் தொடாதே’ என்கிறார். சித்தப்பா, ‘18 வயசு ஆகாம வியாபாரம் பண்றதே சட்டவிரோதம்’ என்கிறார். இதற்கு நடுவில் லோயர் பரேலில் ஓர் அலுவலகம் தீபாவளிப் பரிசாக லோகோ அச்சடித்த 150 கார்டு ஹோல்டர் கேட்டிருக்கிறது. விலை 220, பாதி முன்பணம், 22 நாளில் தர வேண்டும், ஜிஎஸ்டி பில்லும் வேண்டுமாம். தோழியின் அண்ணன் (வயது 24), ‘ரெண்டு பேரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிப்போம், ஃபிப்டி ஃபிப்டி, பில்லை என் நம்பர்ல போட்டுக்கலாம்’ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். ‘எல்லாத்தையும் நிறுத்திடட்டுமா, இல்ல அந்தப் பொண்ணு மேல கேஸ் போடலாமா?’ என்பது இவரது கேள்வி.

அன்புள்ள மாணவிக்கு,

வீடியோவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அலுவலக ஆர்டரைப் பற்றி ஆறே வரி. எனக்குக் கவலை தந்தது அந்த ஆறு வரிதான். வீடியோ வலிக்கிறது, ஆனால் அது சரிசெய்யக்கூடிய சேதம். ஆர்டரில் கணக்குத் தவறினால் உங்கள் பணத்தோடு அப்பாவின் பிழைப்பும் சேர்ந்து மாட்டும். அதனால் வழக்குப் போடுவதைப் பிறகு பார்ப்போம்.

மைனர் தொழில் செய்யலாமா?

செய்யலாம். சித்தப்பா இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். குழந்தைத் தொழிலாளர் சட்டம் (1986, 2016 திருத்தத்துடன்) 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வேலைக்கு வைப்பதைத்தான் தடுக்கிறது. வீட்டில் உட்கார்ந்து கார்டு ஹோல்டர் தைத்து விற்பதை எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. ஒன்று மட்டும்: தோல் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனின் நெடி உடம்புக்கு ஆகாது. மூடிய அறையில் ராத்திரி உட்கார்ந்து ஒட்டாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி இருக்கட்டும்.

உங்களால் முடியாதது ஒப்பந்தம் போடுவது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 11-ஆம் பிரிவுப்படி 18 நிரம்பாதவருக்கு அந்தத் தகுதி இல்லை. மைனராக இருந்தபோது வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிய தர்மோதாஸ் கோஷ் என்பவரின் வழக்கில், அந்த அடமானம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. இன்றும் அதுதான் அடிப்படை. 18 ஆன பிறகு ‘அன்று போட்டதை ஏற்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும் பழைய ஒப்பந்தத்துக்கு உயிர் வராது, புதிதாகத்தான் போட வேண்டும்.

‘அப்படின்னா என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, நல்லதுதானே?’ என்று தோன்றும். பாதி உண்மை. நீங்கள் உங்கள் பங்கை முழுக்கச் செய்து முடித்திருந்தால் எதிராளியிடம் பணம் கேட்க உங்களுக்கு வழி உண்டு. மைனர் முழுப் பணமும் கொடுத்துத் தன் பேரில் எழுதி வாங்கிய அடமானம் செல்லும் என்று 1916-இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்காக நீதிமன்றம் ஏறி இறங்கும் செலவு உங்கள் 33,000 ரூபாய் ஆர்டருக்குக் கட்டுபடியாகாது. பெரியவர்களோடு செய்யும் பெரிய பேரம் எதுவானாலும் அப்பா அல்லது அம்மா பேரில் இருக்கட்டும். ஒன்று இரண்டாகக் காசு வாங்கிப் பொருள் கொடுக்கும் சில்லறை விற்பனைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தோழியின் அண்ணன் நீட்டும் தாள்

கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லும் மூன்றுமே உங்களுக்குப் பொருந்தாது.

கம்பெனி: மைனர் இயக்குநராக முடியாது. ஒருநபர் கம்பெனியில் உறுப்பினராகவோ வாரிசாளராகவோ கூட மைனர் இருக்க முடியாது. அவர் மட்டும் இயக்குநராக இருந்து தொடங்கினால் கம்பெனி அவருடையது, உழைப்பு உங்களுடையது. போதாக்குறைக்கு, ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் பிரைவேட் லிமிடெட் ஆண்டுதோறும் தணிக்கை செய்து படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். 70 கார்டு ஹோல்டருக்கு இது தேவையா?

கூட்டு: 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி மைனரைப் பங்காளியாகச் சேர்க்க முடியாது, லாபத்தில் பங்குதாரராக மட்டும் சேர்க்கலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. 18 ஆன ஆறு மாதத்துக்குள் ‘தொடர்கிறேன்’ அல்லது ‘விலகுகிறேன்’ என்று நீங்கள் பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் முழுப் பங்காளி ஆகிவிடுவீர்கள். அதுமட்டுமல்ல, லாபத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து நிறுவனம் வைத்த கடன்களுக்கும் பொறுப்பாவீர்கள். காலேஜில் சேரும் அவசரத்தில் இந்த ஆறு மாதம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

‘என் நம்பர்ல பில்’: இதுதான் மூன்றிலும் மோசம். ஒருவர் விற்கும் பொருளுக்கு இன்னொருவரின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடுவது சட்டப்படி குற்றம். 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இதில் எது அதிகமோ அது அபராதம். தேவையும் இல்லாத வேலை. மகாராஷ்டிராவில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாகப் பதிவே வேண்டாம். அலுவலகத்திடம் நேராகச் சொல்லுங்கள்: ‘நாங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர்கள், வரி சேர்க்காத சாதா பில் தருவோம்.’ வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியாது என்பதால் சில அலுவலகங்கள் தயங்கும், சில ஒத்துக்கொள்ளும்.

இதோடு ஒன்று: சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் விற்பனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கேட்பார்கள். கையால் செய்த கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, தோல் பைகளும் பர்ஸுகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பான் எண்ணும் இ-வே பில்லும் (சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டு) அந்த விலக்குக்கு நிபந்தனை. உங்கள் பொருள் அதில் அடங்குமா என்று ஓர் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யும் வரை மகாராஷ்டிராவுக்குள் மட்டும் விற்பது நல்லது.

150 ஆர்டர்: கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா?

‘ஒண்ணுக்கு 40 ரூபாதான் செலவு, 180 ரூபா லாபம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 40 ரூபாய் எப்படி வந்தது? தோல் சும்மா கிடைக்கிறது, உங்கள் உழைப்புக்குக் கூலி இல்லை என்று வைத்ததால் வந்தது. 70 உருப்படிக்கு அது ஓடும், 150-க்கு ஓடாது.

முதலில் நேரம். ஒன்று தைக்க ஒன்றேகால் மணி நேரம் என்கிறீர்கள். 150-க்கு 187 மணி நேரம். 22 நாளில் முடிக்க தினமும் எட்டரை மணி நேரம் ஊசியும் கையுமாக உட்கார வேண்டும். போர்டு பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இது நடக்காது.

அடுத்து தோல். வெளித்தகடு, உள்பாக்கெட் எல்லாம் சேர்ந்து ஒரு ஹோல்டருக்குக் கழிவோடு ஏறக்குறைய 0.6 சதுர அடி. 150-க்கு 90 சதுர அடி, அதுவும் ஒரே நிறம், ஒரே கனம். வெட்டுத் துண்டுகளில் அது சேராது, முழுத் தோலாக வாங்கத்தான் வேண்டும். சதுர அடி 90 ரூபாய் என்று வைத்தால் தோலுக்கு மட்டும் 54. நூல், பசை, ஓரப் பூச்சு 12. லோகோ அச்சுக்கட்டை செய்யும் செலவைப் பங்கிட்டால் 10. பெட்டி 18. உங்கள் ஒன்றேகால் மணி நேர உழைப்புக்கு, மணிக்கு 80 வீதம், 100. கூட்டினால் 194. நூற்றுக்கு ஏழு வீணாகும் என்று வைத்தால் 208 ஆகிவிடும். 220-இல் மிஞ்சுவது 12 ரூபாய். இதில் நான் வைத்த விலைகளை நீக்கிவிட்டு அப்பாவிடம் கேட்டு நிஜ விலையைப் போடுங்கள். செலவு இனங்கள் மட்டும் இதேதான், ஒன்றையும் விடாதீர்கள்.

அந்த ‘சும்மா கிடைக்கும்’ வெட்டுத் துண்டு யாருடையது? கூலி வேலைக்கு வரும் தோல், தைத்து முடித்த பிறகும் கொடுத்தவருடைய சொத்துதான். வெட்டியது போக மிஞ்சியதும், வேறு பேச்சு இல்லாவிட்டால், அவருடையதே. பல பட்டறைகளில் ‘துண்டு உனக்கு’ என்பது வாய்ப்பேச்சாக நடக்கும். உங்கள் அப்பாவுக்கும் வியாபாரிக்கும் நடுவில் அப்படிப் பேச்சு இருக்கிறதா? உங்கள் ரீல்ஸை அந்த வியாபாரி பார்த்து, தன் தோல் வெளியே விற்கிறது என்று நினைத்தால் அப்பாவுக்கு வேலை போகும். அப்பா ‘நிறுத்து’ என்பதற்குப் பரீட்சை மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வார்த்தை கேளுங்கள். வியாபாரியிடமும் அப்பா மூலமாகவே கேட்டு, கிலோவுக்கு ஒரு விலை பேசி, துண்டுச் சீட்டாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டரை அப்படியே உதற வேண்டாம். ‘தீபாவளிக்குள் 40 தர முடியும், விலை 300, மாதிரி பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெட்டுவோம்’ என்று அப்பா பேரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதிரியைச் செய்து, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட சீட்டோடு ஒன்றை அவர்களிடமும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். அளவு, நிறம், லோகோ எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நாளில் மிச்சப் பணம், எல்லாம் அந்த மின்னஞ்சலில் இருக்கட்டும். லோகோவைப் பயன்படுத்த அவர்கள் எழுத்தில் அனுமதி தரட்டும். 40 கையால் தைத்தாலும் 50 மணி நேரம்தான். அப்பா மெஷினில் ஓட்டினால் அதிலும் பாதி.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை அப்பா செய்துகொள்வது நல்லது. ஆதாரும் பானும் போதும், அரசு இணையதளத்தில் காசே கிடையாது. 2,000, 3,000 கேட்கும் தளங்கள் எல்லாம் தரகர்கள். அப்படிப் பதிந்த குறுந்தொழிலுக்கு, வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பொருளை ஒப்படைக்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

அந்த வீடியோ

கேஸ் போட முடியாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பெண் காசு கொடுத்து வாங்கினார், தையல் விட்டது, காட்டினார். உண்மையில் சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் கெடு. நீங்கள் பில்லே கொடுக்கவில்லை.

அவரை பிளாக் செய்ததுதான் இரண்டாவது வீடியோவைக் கொண்டுவந்தது. முதலில் பிளாக்கை எடுங்கள். பிறகு அவர் வீடியோவுக்குக் கீழே, எல்லாரும் பார்க்க, ஒரே ஒரு பதில்:

‘நீங்கள் காட்டியது சரி. பாக்கெட் மூலைத் தையல் பலமாக இல்லை, மெரூன் தோலில் சாயம் நிற்கவில்லை. உங்களை பிளாக் செய்தது தவறு, மன்னியுங்கள். முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன். கைப்பையைச் சுத்தம் செய்த செலவையும் சொல்லுங்கள். அந்த ஹோல்டரை என் செலவில் திருப்பி அனுப்ப முடியுமா? எங்கே விட்டது என்று பார்க்க வேண்டும்.’

அதற்குமேல் அங்கே எழுத வேண்டாம், மிச்சப் பேச்சு தனிச்செய்தியில். ‘பணம் தருகிறேன், வீடியோவை எடுங்கள்’ என்று பேரம் பேசாதீர்கள். அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றாவது வீடியோவாக வரும். தோழிகளை விட்டு ‘சூப்பர் குவாலிட்டி’ என்று எழுதச் சொல்லும் யோசனையையும் விட்டுவிடுங்கள். பொய் விமர்சனம் நுகர்வோரை ஏமாற்றுவதில் சேரும், பார்ப்பவர்களுக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

இனி பொருளுக்கு வருவோம். கார்டு நுழையும் வாய்ப்பக்கத்தில் முதல் இரண்டு தையல் மட்டும் விட்டிருக்கிறது என்றும், அம்மா ரவிக்கை தைக்கும் பருத்தி நூலையே பயன்படுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. வங்கிக் கார்டு 85.6-க்கு 54 மில்லிமீட்டர். அதை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் இழுவை முழுக்க வாயோரத்து மூலைத் தையலில் விழுகிறது. வியர்வையும் மும்பை மழைக்காலமும் பருத்தி நூலை நைத்துவிடும். மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல், 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கனம், வாங்குங்கள். தையலுக்குத் தையல் 3 முதல் 4 மில்லிமீட்டர், ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே. மூலையில் நூலை ஓரத்தைச் சுற்றி இரண்டு தரம் கொண்டுவந்து, பின்னோக்கி மூன்று தையல் போட்டு, நுனியை வெட்டி லைட்டரில் லேசாக உருக்கி அழுத்துங்கள். இரண்டு ஊசியால் இருபுறமும் கோத்துத் தைத்தால் ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் அந்த வசதி கிடையாது, ஒன்று விட்டால் வரிசையாக உருவும்.

சாயத்துக்கு ஒரு சோதனை: வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, தோலில் ஒரே இடத்தில் 20 தரம் தேயுங்கள். பிறகு துணியை நனைத்துப் பிழிந்து இன்னொரு இடத்தில் 20 தரம். ஈரத் துணியில் நிறம் ஏறினால் அந்தத் தோலை அப்படியே விற்கக்கூடாது. மேல்பூச்சு அடித்து, காயவிட்டு, மறுபடி தேய்த்துப் பார்க்க வேண்டும். வெட்டிய ஓரத்தையும் சேர்த்துத் தேயுங்கள், பெரும்பாலும் சாயம் அங்கிருந்துதான் கசியும். அதே மெரூன் துண்டில் செய்ததை வேறு யார் யார் வாங்கினார்கள் என்று பார்த்து, அவர்கள் புகார் சொல்வதற்கு முன்பே நீங்களே செய்தி அனுப்புங்கள். இனி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு, எந்தத் தோல், எந்த நூல், என்ன தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

‘இது ரெக்ஸின்’ என்பவருக்கு என்ன பதில்? உங்களுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். பட்டறைத் துண்டுகளில் ஆடு, எருமை, மேலே பி.யு. (ஒருவகை பிளாஸ்டிக்) பூசிய அடித்தோல் எல்லாம் கலந்திருக்கும். உங்கள் பக்கத்தில் ‘100% ஜெனூயின் லெதர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நிரூபிக்க முடியாத அந்த ஒரு வரி தவறான விளம்பரம் ஆகிவிடும். ‘எருமைத் தோல், பட்டறை வெட்டுத் துண்டில் செய்தது, நிறம் கொஞ்சம் மாறலாம்’ என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரிவதை அருகில் படமெடுத்துப் போட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

திட்டுபவர்கள்

சாதியை இழுத்தவர்களை விமர்சகர்களாகவே எண்ணாதீர்கள். அவர்களுக்குப் பதிலும் வேண்டாம். ஆனால் அழிக்கும் முன்பு சான்று எடுத்து வையுங்கள்: கணக்குப் பெயர், தேதி, இணைப்பு முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், கூடவே ஒரு திரைப்பதிவு. எடுத்த செல்போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும், அதற்கு மூலக் கருவி உதவும். நீங்கள் பட்டியல் சாதியினராகவும், எழுதியவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி அல்லாதவராகவும் இருந்தால், பொதுவெளியில் சாதி சொல்லி இழிவுபடுத்தியதற்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெற்றோர் உங்கள் சார்பில் புகார் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. சைபர் குற்றங்களுக்கான அரசு இணையதளத்திலும் பதியலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது வீட்டில் பேசி எடுக்க வேண்டிய முடிவு. கொடுக்காவிட்டாலும் சான்று கையில் இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராமில் குறிப்பிட்ட சொற்களை மறைக்கும் வசதி இருக்கிறது. வசவுச் சொற்களைத் தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும், ஆங்கில எழுத்தில் எழுதும் வடிவத்திலும் அதில் சேர்த்துவிடுங்கள். பின்னூட்டம் பார்க்க மாலையில் அரை மணி நேரம் போதும், அதையும் அம்மாவோ அக்காவோ கூட இருக்கும்போது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச எண், 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். யாராவது தனிச்செய்தியில் படம் கேட்டாலோ மிரட்டினாலோ குழந்தைகள் உதவி எண் 1098.

அப்பாவிடம்

உங்கள் கடிதம் முழுக்க அப்பா ‘எதிர்ப்பவர்’ ஆகத்தான் வருகிறார். தையல் விட்ட ஹோல்டரை அவரிடம் காட்டினீர்களா என்று தேடினேன், எங்கும் இல்லை. உங்கள் வீட்டிலேயே இத்தனை வருடம் தோல் தைத்தவர் ஒருவர் இருக்கும்போது, முதல் விமர்சனத்தை முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன மூலைத் தையலை அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். திருப்பி வரும் ஹோல்டரை அவர் கையில் கொடுத்து, ‘இது ஏன் விட்டுச்சுப்பா?’ என்று மட்டும் கேளுங்கள். கோபமாகத் திட்டினாலும் திட்டில் உள்ள வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய மற்ற பயங்களுக்கும் பதில் வைத்திருங்கள். பரீட்சை: டிசம்பர் 1 முதல் தேர்வு முடியும் வரை ஆர்டர் எடுப்பதில்லை என்று பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். வாடிக்கையாளர் காத்திருப்பார். பெண் பிள்ளையின் நம்பர் ஊரெல்லாம் போகிறது என்ற பயம் நியாயமானது. 18 ஆகாமல் உங்கள் பேரில் சிம் வாங்க முடியாது, எனவே வாட்ஸ்அப் பிசினஸ் அப்பா பேரில் உள்ள தனி எண்ணில் இருக்கட்டும். பார்சலில் வீட்டு முகவரி வேண்டாம், பட்டறை முகவரி போதும். பணம்: அம்மாவின் வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காமல் அப்பா பேரில் தனிக் கணக்கு ஒன்று. ‘பணம் அனுப்புறேன், க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று யார் சொன்னாலும் அது மோசடி, பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

ஏப்ரலில் 18 ஆனதும் வேலை எளிதாகும். மைனராக எடுத்த பான் அட்டை இருந்தால் படமும் கையெழுத்தும் சேர்த்து மாற்ற விண்ணப்பியுங்கள். உங்கள் பேரில் வங்கிக் கணக்கு, உத்யம் பதிவு, தனிநபர் தொழிலாகவே தொடங்கலாம், கம்பெனிக்கு இன்னும் அவசரமில்லை. அப்போதும் தோழியின் அண்ணனோடு சேர விரும்பினால், யார் எவ்வளவு பணம், யாருக்கு என்ன வேலை, பிரிந்தால் பெயர் யாருக்கு என்று எழுதிய புதிய ஒப்பந்தத்தோடு வரச் சொல்லுங்கள். அதைக் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவரை இந்த வாரத்துக்கு மூன்றே வேலை: பிளாக்கை எடுப்பது, ‘100%’ வரியை அழிப்பது, லோயர் பரேலுக்கு அப்பா பேரில் 40-க்கான மின்னஞ்சல்.